மரியாதை தெரிந்து பிறந்த குழந்தை

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற நர்ஸ் பிள்ளைகளே, குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். எடை போடுவது, தலையை அளப்பது, ஊசி போடுவது எல்லாம் அப்புறம் இருக்கட்டும். வெளியே வரிசை நிற்கிறது, எங்கே நேரம் என்று கேட்பீர்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் உங்களைப் போல அவசரக்காரிதான். சைக்கிளை நிறுத்துவதற்குள் பையைத் திறந்துவிடுகிற ஆள். என்னையே உட்கார வைத்துப் பார்க்கப் பழக்கியவை குழந்தைகள்தான்.

பிறந்து சில வாரமே ஆன குழந்தையைப் பாயில் மல்லாக்கப் போட்டு, துணியை விலக்கிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு கை மெல்ல எழும்பும். விரல்கள் ஒவ்வொன்றாக விரியும், எதையோ தேடும், தேடியது மறந்துபோனது போல மடங்கும். கால் நீளும், இடுப்பு லேசாகத் திரும்பும். இன்னும் தண்ணீருக்குள்தான் மிதந்துகொண்டிருக்கிறோம் என்று அதற்கு நினைப்பு. மூன்று மாதம் ஆனதும் அந்த மிதப்பு போய்விடும். மணிக்கட்டில், கணுக்காலில், கழுத்தில் எல்லாம் சின்னச் சின்ன அசைவுகள் வரும். உள்ளே மூளை உட்கார்ந்துகொண்டு, புது வீட்டுக்குக் குடிவந்தவர்கள் ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்ப்பது போல, ஒவ்வொரு மூட்டையும் அசைத்துப் பார்க்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். பாடப்புத்தகத்தில் அப்போது இதெல்லாம் கிடையாது.

எனக்கு மலாக்காவில் காஜா பெராங் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் வேலை. நர்ஸானாலும் மிட்வைஃபானாலும் ஊருக்கு ‘மிஸ்ஸி’தான். மத்தியான நேரத்தில் அந்தத் தெருக்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். கடல் காற்று ஓலைத் தட்டிகளை அசைக்கும், எங்கோ ஒரு வீட்டில் சாரோங் தூளியின் கயிறு உத்தரத்தில் கிறீச் கிறீச் என்று உரசும், தேங்காயெண்ணெய் வாசம் வாசல்வரை வரும். எத்தனையோ மத்தியானங்களில், வேலை முடிந்த பிறகும், குழந்தை பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். அது சோம்பேறித்தனமா வேலையா என்று எனக்கே தெரியாது. அப்படி உட்கார்ந்து பார்த்த குழந்தைகளில் ஒன்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷத்தின் ஆரம்பம். மாணிக்கம் என்று ஒருவர், டவுன் பஸ் ஓட்டுநர். அவர் மனைவி பாக்கியம், புக்கிட் ரம்பாய் தோட்டத்துப் பெண், கித்தா என்கிற ரப்பர் மரம் சீவுகிறவர்களின் மகள். வீட்டை ஆண்டது மாணிக்கத்தின் அக்கா சிவகாமி. தம்பியைத் தூக்கி வளர்த்தவள், கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். பாக்கியத்துக்கு அது தலைப்பிரசவம். காலையில் வலி எடுத்து, மத்தியானம் ஆகியும் குழந்தை இறங்கவில்லை. சிவகாமி தலைமாட்டில் நின்றுகொண்டு, “மூச்சப் புடிச்சு முக்கு புள்ள, முக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தலை வெளியே வந்தபோது கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. “முக்காதே பாக்கியம், வாயால மூச்சு விடு, நான் சொல்றவரைக்கும் முக்காதே” என்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். எத்தனை கஷ்டம் தெரியுமா, அந்த நேரத்தில் முக்காமல் இருப்பது. கொடியைத் தளர்த்தித் தலைவழியே எடுத்தேன். குழந்தை வந்தது. பெண். நீலம் பாரித்துத் துணி மாதிரி கிடந்தது. அழவில்லை.

சிவகாமி ஒரு பேசினில் சுடுதண்ணீரும் இன்னொன்றில் குளிர்ந்த தண்ணீரும் தயாராக வைத்திருந்தாள். மாற்றி மாற்றி முக்கினால் குழந்தை கத்தும் என்பது அந்தக் காலத்து வழக்கம். அவள் கை நீட்டினாள். நான் குழந்தையைக் கொடுக்கவில்லை. வாயில் இருந்த சளியை ரப்பர் குழாயால் உறிஞ்சித் துப்பிவிட்டு, துணியால் முதுகைத் தேய்த்து, அதன் வாயோடும் மூக்கோடும் என் வாயை வைத்துக் கன்னத்தில் இருக்கிற காற்றளவு மட்டும் ஊதினேன். மறுபடியும் ஊதினேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். அந்த அறையில் நேரமே இல்லை. ஜன்னலில் வெயில் விழுந்துகொண்டிருந்தது, அதில் தூசி மிதந்துகொண்டிருந்தது, அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு குழந்தை, யாரோ தூக்கத்தில் முனகுவது போல ஒரு சத்தம் போட்டது. அப்புறம்தான் அழுதது. கமலா என்று பெயர் வைத்தார்கள்.

மாணிக்கம் தெரு முழுக்க என் கைராசியைப் பாடினார். உங்களுக்கு இந்த வார்த்தையின் கனம் புரியாது. இப்போது பட்டம் இருக்கிறது, பதவி இருக்கிறது. அப்போது எங்களுக்கு இருந்தது கைராசி ஒன்றுதான். அது நல்லதென்று சொன்னால் நாலு வீட்டில் கூப்பிடுவார்கள். கெட்டதென்று ஒருத்தி சொல்லிவிட்டால் போயிற்று.

மாதாமாதம் போய்ப் பார்த்தேன். கமலா நன்றாகப் பால் குடித்தது, சிரித்தது, என் குரலுக்குத் திரும்பியது. நாலு மாதம் தாண்டியிருக்கும், ஒருநாள் மத்தியானம் போனேன். கூடத்தில் பாயில் கிடந்தது. சிவகாமி ஒரு மரக் கிலுகிலுப்பையை நீட்டினாள். கமலா வலது கையை நீட்டி லபக்கென்று பிடித்தது. சிவகாமிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“பாத்தீங்களா மிஸ்ஸி. சோத்துக் கையாலதான் வாங்கும். பீச்சாங்கைய நீட்டவே நீட்டாது. பொறந்ததிலேருந்தே மரியாத தெரிஞ்ச புள்ள.”

பக்கத்து வீட்டு அம்மாவும் வந்திருந்தார். மலாக்காச் செட்டி வம்சம். கும்பிடுவது நம் சாமி, வாயில் வருவது மலாய். அவரும் தலையாட்டி, “தாங்ஙான் கானான், பாகுஸ்”, வலது கை, ரொம்ப நல்லது, என்று அந்தக் கையைத் தொட்டு மெச்சிக்கொண்டார். தமிழரானாலும் மலாய்க்காரரானாலும் செட்டியானாலும் இடது கையால் கொடுப்பதோ வாங்குவதோ கிடையாது. அந்த ஊரே சேர்ந்து அந்தக் குழந்தையின் வலது பக்கமாக நின்றுகொண்டிருந்தது. இடது பக்கம் யாரும் போகவே இல்லை.

கைக்குழந்தைக்கு ஏது வலது, இடது. ஒரு வயது ஆகும்வரை இரண்டு கையும் அதற்கு ஒன்றுதான். ஒரே கையால் வாங்குகிறது என்றால் அது சமர்த்து இல்லை, மற்ற கை வரமாட்டேன் என்கிறது. இதை மறக்காதீர்கள். பெருமையாகச் சொல்லப்படுகிற சேதியைத்தான் இரண்டு தடவை கேட்க வேண்டும்.

சிவகாமி காப்பி போட உள்ளே போனாள். செட்டியம்மாவும் கிளம்பிவிட்டார். கமலாவின் இடது கையைத் தேடினேன். சட்டையின் கை நீளமாக இருந்தது, அதன் மேல் துணி சுற்றி ஓரத்தை உள்ளே செருகியிருந்தது. அவிழ்த்தேன். கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிய சின்ன முஷ்டி. வலது கையை என் உள்ளங்கையால் மெல்லப் பிடித்துக்கொண்டு, கிலுகிலுப்பையை இடது பக்கம் ஆட்டினேன். குழந்தை பார்த்தது. முழு உடம்பாலும் ஆசைப்பட்டது. தோள் மட்டும் கொஞ்சம் எழும்பியது. முஷ்டி திறக்கவில்லை. உதட்டைப் பிதுக்கி அழுதது.

நிமிர்ந்தேன். வாசற்படியில் பாக்கியம் ஈரத்துணியோடு நின்றிருந்தாள்.

“எனக்குத் தெரியும் மிஸ்ஸி,” என்றாள், மிக மெதுவாக. “குளிப்பாட்டறப்ப அந்தக் கைய விரிச்சுத்தான் உள்ள இருக்கிற அழுக்க எடுப்பேன். திரும்பவும் மூடிக்கும்.”

“ஏன் சொல்லல?”

“அன்னிக்கு நான் சரியா முக்கலன்னு சிவகாமி அண்ணி இன்னமும் சொல்லிக்கிட்டிருக்காங்க. இதையும் பாத்தாங்கன்னா, நான்தான் புள்ளய இப்புடி ஆக்கிட்டேன்னு சொல்லி என்னைப் புக்கிட் ரம்பாய்க்கே அனுப்பிடுவாங்க. புள்ளய மட்டும் வச்சுக்குவாங்க.”

துணியை எடுத்து மறுபடியும் அந்தக் கையை மூடினாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. பயந்து பயந்து அவள் மூடி வைக்கிற ஒவ்வொரு நாளும் அந்தக் கை, தனக்கு ஒரு உடம்பு இருப்பதையே மறந்துகொண்டிருந்தது.

தடுப்பூசி என்று சாக்குச் சொல்லித் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர் குழந்தையை நிதானமாகப் பார்த்தார். மூளையின் வலது பாதியில் ஓரிடம் அடிபட்டிருக்கிறது, அதனால்தான் இடது கை இப்படி, காலிலும் கொஞ்சம் தெரியும் என்றார். பிறக்கும்போது மூச்சு நின்றதாலா என்று கேட்டேன். இருக்கலாம், வயிற்றில் இருக்கும்போதே நடந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆனால் பச்சைக் குழந்தையின் மூளை இளகிய மண், கையை விடாமல் வேலை வாங்கினால் அது சுற்றி வேறு வழி பார்த்துக்கொள்ளும், தாமதித்தால் இறுகிவிடும் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் இடது பக்கமிருந்து கொடுக்க வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் நல்ல கையைத் துணிப்பையில் கட்டிவைக்க வேண்டும். அதாவது, அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு பெண்பிள்ளையைப் பீச்சாங்கைக்குப் பழக்க வேண்டும்.

மாணிக்கத்துக்கு ஓய்வு நாள் பார்த்துப் போனேன். மழை பெய்து விட்டிருந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஓட்டுக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் கமலாவின் துணியை அவிழ்த்து, கையைக் காட்டி, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மாணிக்கம் அந்த முஷ்டியைத் தொட்டுப் பார்த்தார். அவர் கேட்டது, என்ன செய்யலாம் என்று அல்ல.

“எதுனால மிஸ்ஸி இப்புடி ஆச்சு?”

எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். உங்களிடமும் கேட்பார்கள். வைத்தியத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்குக் குற்றவாளி வேண்டும்.

“நான் அன்னிக்கே சொன்னேன்,” என்று சிவகாமி ஆரம்பித்தாள். “மூச்சப் புடிச்சு முக்கு, முக்குன்னு. இவ கேட்டாளா?”

பாக்கியம் தலையைத் தூக்கவில்லை. அவள் கை தானாகப் போய்த் துணியை எடுத்து, குழந்தையின் இடது கையை மறுபடியும் மூடியது. எனக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

டாக்டர் சொன்னபடி ‘தெரியாது’ என்று சொல்லலாம். அதுதான் முழு உண்மை. ஆனால் அந்தக் கூடத்தில், அந்த நேரத்தில், தெரியாது என்றால் அது பாக்கியம்தான் என்று அர்த்தம். உண்மை சரியாகத்தான் இருக்கும், அது யார் தலையில் போய் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. யோசிக்க நேரம் இல்லை.

“முக்காதேன்னு சொன்னது நான்,” என்றேன். “கழுத்துல கொடி சுத்தியிருந்திச்சு. நான் சொன்னத அவ அப்புடியே கேட்டா. கொடிய எடுத்தது என் கை, மூச்சு குடுத்தது என் வாய். யாரையாவது பழி சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க. அவ மேல ஒரு தப்பும் இல்ல.”

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனால் டாக்டர் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டேன் என்பதும் நிஜம். அது சரியா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்டால், அந்த மூடிய கையைத்தான் காட்டுவேன்.

சிவகாமி என்னையே பார்த்தாள். மாணிக்கம் எழுந்து நின்றார். “உங்கள நம்பி விட்டோமே மிஸ்ஸி,” என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் போயிடறேன். இனிமே இந்த வீட்டுக்கு வரல. ஆனா இத மட்டும் கேளுங்க,” என்று சொல்லி, துணிப்பையை எப்படிக் கட்டுவது, எந்தப் பக்கம் உட்காருவது, கையை எப்படி நீவிவிடுவது என்று காட்டினேன். “பீச்சாங்கையில குடுத்துப் பழக்கணுமா, நல்லாருக்கே” என்றாள் சிவகாமி. நான் பையை மூடிக்கொண்டு கிளம்பினேன். ஜாலான் பெண்டஹாரா தெருவில் கடைக்காரர்கள் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுதந்திரம் வரப்போகிற சந்தோஷத்தில் ஊர் மிதந்தது. நான் நனைந்த ரோட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, எங்கே போகிறேன் என்று தெரியாமல் கடற்கரைவரை போய்விட்டுத் திரும்பினேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு வாரத்தில் சேதி பரவிவிட்டது. மிஸ்ஸிக்குக் கைராசி போய்விட்டது, புள்ள கையை முடக்கிவிட்டாள். சிவகாமிதான் குழாயடியில் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். வயிறு தள்ளியிருந்த பெண்கள் என்னைக் கண்டால் மரியாதையாகச் சிரித்து, “நாங்க ஆஸ்பத்திரிக்கே போயிடறோம் மிஸ்ஸி” என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லதுதானே என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வேன். தேறாது. வீட்டுக்கு வந்து கைகளைக் கழுவும்போது அழுகை வரும். அந்தச் சிவகாமியை மனதுக்குள் நான் திட்டிய திட்டு எழுத்தில் வராது.

ஆனால் நான் இருந்த கிளினிக்கில் குழந்தைகளைப் பார்க்கிற நாளில் பாக்கியம் வந்தாள். கமலாவின் இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தாள். கை வெளியே இருந்தது, வெயிலில், எல்லோர் கண்ணிலும் பட. எனக்கு அது போதும். முஷ்டியை நீவிக்கொண்டே அவள் பேசிக்கொண்டிருப்பாள். மூடியும் மூடாமலும் அந்த விரல்கள் தூக்கத்தில் கிடப்பது போலக் கிடக்கும். மாதங்கள் அப்படிப் போயின. ஒருநாள் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி தலைவாரக் குனிந்திருக்கிறாள், கமலா இடது கையால் அவள் முடியைப் பிடித்துவிட்டது. பிடித்தால் விடத் தெரியாதே அந்தக் கைக்கு. சிவகாமி ஐயோ அம்மா என்று கத்தியிருக்கிறாள், பாக்கியம் விடுவிக்க ஓடியிருக்கிறாள். “விடு புள்ள, இழுக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அண்ணி குனிந்தபடியே உட்கார்ந்து அழுதாளாம்.

கதை சொல்கிறேன் என்று அதிசயம் சொல்ல மாட்டேன். அந்தக் கை வலது கை மாதிரி ஆகவில்லை. பொத்தான் போட வராது, ஊசியில் நூல் கோக்க வராது. நடக்கும்போது இடது குதிகால் தரையில் சரியாகப் படியாது. ஆனால் தட்டைப் பிடித்துக்கொள்ளும், பையை மாட்டிக்கொள்ளும், கதவைத் தள்ளும். துணைக்கு ஒரு கை உண்டு என்று அந்தப் பெண்ணின் உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

கமலா தெருவில் ஓடியாடும் வயதாகியிருந்தது. ஒரு மத்தியானம் கிளினிக் வாசலில் சிவகாமி வந்து நின்றாள். நான் கவனிக்காத மாதிரி பஞ்சை மடித்துக்கொண்டிருந்தேன். அவளும் போகவில்லை. கடைசியில் நான்தான், “என்ன வேணும்?” என்றேன்.

“பாக்கியத்துக்கு மாசம் நெருங்கிருச்சு. நீங்க வரணும்.”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. என் கைராசிதான் ஊருக்கே தெரியுமே.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“அன்னிக்கு உங்க தப்புன்னு நீங்க சொன்னத நான் நம்பல மிஸ்ஸி,” என்றாள். “நானும் அந்த ரூம்புலதான இருந்தேன். நீங்க மட்டும் புள்ளய என் கையில குடுத்திருந்தா, நான் சுடுதண்ணியிலயும் பச்சத்தண்ணியிலயும் போட்டு முக்கியே கொன்னிருப்பேன். எனக்குத் தெரியாதா?”

பஞ்சைக் கீழே வைத்தேன். “தெரிஞ்சுமா ஊர் பூரா சொன்னீங்க?”

“யாரையாவது சொல்லாம எனக்கு ஆறல. அவளச் சொன்னேன்னா, என் தம்பி அவள வச்சு வாழ மாட்டான். நீங்கதான் என்னைச் சொல்லுங்கன்னு சொன்னீங்க.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க தாங்குவீங்கன்னு தோணிச்சு.”

இத்தனை வருஷக் கோபம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை எடுத்து அவள் மேல் வீசத் தேடினேன், கைக்கு அகப்படவில்லை. வேப்பமர நிழல் ஜன்னல் வழியாக வந்து தரையில் ஆடிக்கொண்டிருந்தது.

“வலி ஏதாவது எடுத்திருக்கா?” என்று கேட்டேன்.

“காலையிலேருந்து.”

“இத மொதல்ல சொல்லாம, உக்காந்து கதையா பேசறீங்க?” என்று திட்டிக்கொண்டே பையைத் தூக்கினேன்.